புகைக்குள் குதிரைகள்



போர் ஓவியம் என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது, முன்னங்கால் தூக்கிய குதிரைமேல் வாளோங்கி நிற்கும் ஒரு தளபதிதான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பறோக் காலப் படத்தில் அந்தத் தளபதி இல்லை.

படத்தைச் செய்தவர் ஜாக் கலோ. லொறெய்ன் நாட்டின் நான்சி நகரில் 1592இல் பிறந்தவர். செப்புத் தகட்டில் பூச்சொன்றைப் பூசி, ஊசியாற் கீறி, அமிலத்தால் அரிக்கவைத்து, மை தடவிக் காகிதத்திற் பதிப்பது அவரது கலை. வழக்கமான மென்பூச்சை விட்டு, நரம்பு வாத்தியம் செய்வோர் பாவிக்கும் கடினமான வார்னிஷை அவர் எடுத்துக்கொண்டார். கோடுகள் மயிரிழையாகக் கூர்மை பெற்றன. அமிலத்தில் இடும் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும், அருகில் நிற்போரைக் கறுப்பாகவும் தொலைவில் நிற்போரை வெளிறலாகவும் காட்டினார்.

1633இல் பாரிசில் வெளியான அவரது போரின் துன்பங்கள் பற்றிய தொகுதியில் 18 படங்கள். ஒவ்வொன்றும் நீண்ட கடித உறையிலும் சிறியது. மூன்றாவது படம் குதிரைப்படைச் சமர். நூலொன்றில் அச்சாகியிருந்த அதை உருப்பெருக்குக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கைத்துப்பாக்கியும் வாளுமாக மோதும் குதிரைவீரர், நிலத்திலே மனிதரும் குதிரைகளும், பின்னால் புகை. அந்தப் புகையை அவர் எப்படிச் செய்தார்? பெரும்பாலும் ஒன்றுமே செய்யவில்லை. ஊசி படாமல் விட்ட வெறுங் காகிதம்தான் புகை!

எந்தக் களம், வென்றவர் யார் என்ற குறிப்பே இல்லை. ஸ்பானியர் 1625இல் பிரெடா நகரைப் பிடித்த முற்றுகையை, இசபெல்லா இளவரசிக்காக ஆறு பெரிய தகடுகளில் செய்துகொடுத்தவரும் இதே கலோதான். இங்கே அவர் எவருக்கும் வெற்றி தேடிக் கொடுக்கவில்லை. படத்தின் கீழே வேறொருவர் எழுதிய செய்யுள் வீரத்தைப் புகழ்கிறது. அது படத்தைப் பார்க்காமல் எழுதியது போல எனக்குப் படுகிறது. பரணி படித்து வளர்ந்த நமக்கு இப்படம் சற்று ஏமாற்றமாகவும் இருக்கலாம்.

இன்னொன்று: 18 படங்களுள் போர்க்களம் இது ஒன்றே. நான்காவதிலிருந்து கொள்ளை, பண்ணைவீட்டில் அட்டூழியம், எரியும் கிராமம். பிறகு அவற்றைச் செய்த சிப்பாய்களுக்கே தூக்கு. தொகுதி வெளியான அதே ஆண்டில் பிரெஞ்சுப் படை நான்சியைக் கைப்பற்றியது. 1635இல் கலோ காலமானார்.

பதினைந்தாம் படம் வைத்தியசாலை. ஊன்றுகோல்களோடு முடமான சிப்பாய்கள். இவர்களுள் எவர் மூன்றாம் படத்தில் குதிரைமேல் இருந்தவர் என்று கண்ணாடி வைத்துத் தேடினேன். முகம் பிடிபடாத அளவுக்குச் சின்னஞ்சிறு உருவங்கள்.