மார்ட்டனின் இரண்டாம் நோயாளி

இத்துறையில் என்னினும் மூத்தோர் கீழே அமர்ந்திருக்க, என்னை இந்த நாற்காலியில் அமர்த்தியிருக்கிறீர்கள். பெருமையாகவும் சற்றுத் தயக்கமாகவும் இருக்கிறது.

உண்ணல் கோளாறுகள் பற்றிய பொதுமக்கள் விழிப்புணர்வும் ஆதரவும் என்பது மாநாட்டின் பொருள். பள்ளிகள், ஊடகங்கள் பற்றி அமர்வுகளில் விரிவாகப் பேசவிருக்கிறீர்கள். விழிப்புணர்வு வேண்டும் என்பதில் நமக்குள் வேற்றுமை இல்லை. எதைக் குறித்து என்பதில்தான் எனக்கு வழக்கு உண்டு.

நம் சுவரொட்டிகளில் பெரும்பாலும் ஒரே படம்: கண்ணாடி முன் மெலிந்த இளம்பெண். பருத்துவிடுவோமோ என்ற பயம்தான் நோய் என்கிறது அது. உணவைத் தவிர்த்து உடல் உருக்குலையும் அனரெக்ஸியாவின் வரலாற்றை 1873இல் லாசேக், வில்லியம் கல் ஆகிய மருத்துவர்களிடமிருந்து தொடங்குகிறோம். ரிச்சர்ட் மார்ட்டன் 1689இல் எழுதிய காசநோய் நூலை அடிக்குறிப்போடு விட்டுவிடுகிறோம். அதில் காசமின்றியே உருக்குலைந்த இருவர் வருகிறார்கள். முதலாமவள் பதினெட்டு வயதுப் பெண். மருந்தை மறுத்து இறந்தாள். அவளையாவது நினைவுகூர்கிறோம். மற்றவன் பதினாறு வயதுப் பையன். படிப்பை நிறுத்தி, கிராமக் காற்றில் குதிரையேறி, பாலுணவு கொள்ளச் சொன்னார் மார்ட்டன், பெருமளவு தேறினான். இருவர் குறிப்பிலும் பருமன் பற்றிய பயம் இல்லை. கடும் படிப்பும் மனவேதனையுமே காரணங்கள்.

ஹாங்காங்கில் சிங் லீ குழுவினர் 1993இல் வெளியிட்ட ஆய்வில் 70 அனரெக்ஸியா நோயாளிகளில் 41 பேருக்கு அந்தப் பயம் இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை என்றே பலர் சொன்னார்கள். அவர்கள் பயத்தை மறைத்தார்கள் என்று முன்வரிசையில் இருக்கும் என் மதிப்பிற்குரிய நண்பர் முன்பு எழுதினார். சிலர் மறைத்திருக்கலாம். ஆனால் நோயாளி சொல்வதை நம்பாமல், நாம் எதிர்பார்க்கும் விடை வரும்வரை துருவுவது நோயறிதல் ஆகாது. அமெரிக்க மனநோய் வகைப்பாடும் 2013இல் இறங்கிவந்தது. பயத்தைச் சொல்லாவிட்டாலும், எடை கூடவிடாத தொடர்நடத்தை போதும் என்றது. மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற விதியையும் நீக்கியது.

நம் சென்னையிலேயே சீனிவாசன், சுரேஷ் முதலியோர் 1995இல் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து, 31 பேரிடம் நோய் என்னும் அளவை எட்டாத உண்ணல் துயரத்தைக் கண்டார்கள். 1998இல் அதற்கென ஒரு வினாநிரலையும் வெளியிட்டார்கள். நம்மில் எத்தனை பேர் அதைக் கையில் எடுத்திருக்கிறோம்?

குடும்பத்தாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்த்துக்கொள்ள உறவினர்கள் தகுதியற்றவர்கள் என்பது வில்லியம் கல்லின் கருத்து. அதன் நிழல் இன்றும் நம் புறநோயாளர் பிரிவில் தாயின்மேல் விழுகிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான குடும்பச் சிகிச்சையோ, வளரிளம் பருவத்தினருக்கு உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோரிடமே தந்து பயன் கண்டது. குற்றவாளியாக நிறுத்தப்படும் தாய் மறுமுறை பிள்ளையை அழைத்து வரமாட்டாள்.

ஆகவே நாளைய தீர்மானத்தில் கண்ணாடிப் படத்தை ஏற்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன். மாறாக, வளரும் பிள்ளையின் எடை இறங்கினால், சாப்பாட்டு வேளையில் அவன் அல்லது அவள் வீட்டில் இருப்பதில்லையென்றால், நாடித்துடிப்பு குறைந்து கைகால் சில்லிட்டால், காரணம் எதுவாகச் சொல்லப்பட்டாலும் மருத்துவரிடம் வாருங்கள் என்று அச்சிடுவோம். எதிர்க்க விரும்பும் நண்பர்கள் பிற்பகல் அமர்வில் எழுந்து பேசலாம். நான் அங்கேயே இருப்பேன்.