மஞ்சட் குளிசையும் நீரிழிவின் முன்வாயிலும்



சலரோகம் என்று நம்மவர் வழங்கும் நீரிழிவு ஓரிரவில் வந்து சேர்வதன்று. காலையில் வெறுவயிற்றோடு சோதிக்கும்போது, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் குளுக்கோசு 126 மில்லிகிராமை எட்டினால் அது நீரிழிவு. 100 முதல் 125 வரை நிற்பதனை அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தார் நீரிழிவுக்கு முந்திய நிலை என்பர். இந்நிலையில் நோவுமில்லை, களைப்புமில்லை. வைத்தியரும் பெரும்பாலும் மருந்தெழுதாது, "நடவுங்கள், உடலெடையைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். வெறுங்கையோடு திரும்புபவருக்கு மனம் ஆறுவதில்லை. அவ்வேளையில் மருந்துக்கடையிலே மஞ்சட் சத்துக் குளிசைப் போத்தல் கண்ணிற்படுகிறது. 'அழற்சியைத் தணிப்பது' என்று அதன்மேல் எழுதியிருக்கிறது. வாங்கலாமா?

அவ்வாசகத்தை வெறும் வியாபாரப் பேச்சென்று ஒதுக்கிவிட முடியாது. முள் தைத்த இடம் சிவந்து வீங்குகிறதே, அதுவே அழற்சி. வயிற்றைச் சூழக் கொழுப்பு மிகும்போது அக்கொழுப்பினுள்ளேயும் வெளிக்குத் தோன்றாத மெல்லிய அழற்சி ஓயாது நிகழ்கின்றது. கொழுத்த எலிகளின் கொழுப்பில் ஊறும் அழற்சிப் பொருளொன்று இன்சுலினின் தொழிலைத் தடுக்கின்றது என்பதை 1993இல் ஹொற்றமிஸ்லிகில் என்னும் அறிஞரும் அவருடன் ஆராய்ந்தோரும் காட்டினர்.

மஞ்சளுக்கு ஒரு நற்சாட்சியும் உண்டு. தாய்லாந்திலே நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 240 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறினருக்கு மஞ்சளின் சத்தான குர்க்குமினை நாளொன்றுக்கு ஒன்றரைக் கிராம் வீதமும், மற்றையோருக்குச் சத்தற்ற போலிக் குளிசையும் ஒன்பது மாதம் கொடுத்தனர். போலிக் குளிசை உண்டோரில் நூற்றுக்குப் பதினாறு பேர் நீரிழிவாளராயினர். குர்க்குமின் உண்டோரில் ஒருவரேனும் ஆகவில்லை. 2012இல் வெளியான இம்முடிவு வியப்புக்குரியதே. வியப்பு மிகுந்தவிடத்து ஐயமும் சிறிது வேண்டும். ஒரு நாட்டில், ஒன்பது மாதம் நடந்த ஒரு சோதனையைக்கொண்டு உலகுக்கெல்லாம் மருந்தெழுத இயலாது.

இவ்விடத்தே நம் இல்லத்தரசிகள் ஒரு கணக்கைக் கவனித்தல் நன்று. மஞ்சட்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கே. ஒன்றரைக் கிராம் பெறுவதற்கு ஐம்பது கிராம் தூள் வேண்டும். எந்தக் கறிச்சட்டி அதனைத் தாங்கும்? கறிக்கு மஞ்சள் இடுவதை நான் குறைகூற வரவில்லை. அது வேறு, குளிசை வேறு.

குர்க்குமின் குடலிலிருந்து இரத்தத்துக்கு எளிதிற் சேர்வதுமில்லை. அதற்காகவே பல குளிசைகளில் மிளகின் சத்தையும் கூட்டுகின்றனர். நன்றாகச் சேரும் பொருள் நன்மையை மட்டுமே செய்யும் என்பதற்கு உறுதியில்லை. 2019இல் இத்தாலியில் மஞ்சட் குளிசை உண்ட பலருக்கு ஈரல் அழற்சி கண்டது. அழற்சியைத் தணிக்கப்போய் ஈரலில் அழற்சியை வருவித்துக்கொண்ட கதை! பித்தக்கல் உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க வார்பரின் உட்கொள்பவர்களும் வைத்தியரைக் கேளாமல் இக்குளிசையைத் தொடலாகாது. உண்ணத் தொடங்கிய பின் கண் மஞ்சளித்தாலோ சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்தி, போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆசுபத்திரிக்குச் செல்லுங்கள்.

அப்படியானால் வைத்தியர் சொன்ன நடைக்கு என்ன பயன்? அமெரிக்காவில் 3,234 பேரிடம் நடந்து 2002இல் வெளியான பெருஞ்சோதனை அதற்கு விடை தருகின்றது. வாரத்துக்கு 150 நிமிட நடையும், உடலெடையில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைப்பும் குறியாக வைத்தோரிடம் புதிய நீரிழிவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மெற்போமின் மருந்துண்டோரிடம் 31 பங்கே குறைந்தது. ஓராண்டு சென்றபின், இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி புரதமும், நடந்து மெலிந்தோரிடம் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு தாழ்ந்திருந்தது.

போத்தலில் எழுதியிருந்த அந்த வேலையை நடையும் செய்கிறது. குளிசையை விரும்புவோர் வைத்தியருக்கு அறிவித்தே உண்ணட்டும். மாலை நடையை மட்டும் அதற்கு ஈடாக விட்டுவிட வேண்டாம். இரத்தத்தை ஆண்டுக்கொரு முறை மீண்டும் சோதிப்பித்துக்கொள்ளுங்கள்.