பழுது பார்க்க முடிகிற பொருளையே வாங்குவோம்

(நமது அறக்கட்டளையின் கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியோர்களே, ஆலிம் பெருமக்களே, தாய்மார்களே, உதவி பெற வந்திருக்கும் அன்பு மாணவ மாணவியரே!

ஆண்டுதோறும் இந்தக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். இந்த ஆண்டு செலவுக் கணக்கில் ஒரு வரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. அது 2022-ல் மாணவர்களுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்த கணக்கு. அதில் நாங்கள் ஒரு தவறு செய்துவிட்டோம். நீங்கள் நம்பிக் கொடுத்த ஸதக்கா பணம் அது. அமானத்தாக வாங்கிய பணத்தில் நடந்த தவறை மறைத்துவைக்க எங்களுக்கு உரிமை இல்லை.

அப்போது 14 லேப்டாப்கள் வாங்கினோம். மெல்லியதாக, எடை குறைவாக, பார்க்க அழகாக இருந்தன. விலையும் குறைவு. அதே தொகையில் கூடுதலாக நான்கு பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிகிறதே என்று மகிழ்ந்தோம். 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு என்று பெட்டியில் எழுதியிருந்தது. இவை இரண்டும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டவை, பிறகு கூட்டவோ மாற்றவோ முடியாது என்பதை நாங்கள் கேட்கவும் இல்லை, விற்றவர் சொல்லவும் இல்லை.

சென்ற ஆண்டு பி.சி.ஏ. இறுதியாண்டு படிக்கும் ஒரு மாணவியின் தாயார் அந்த லேப்டாப்பைத் துணிப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார். புராஜெக்ட் ஒப்படைக்கப் பத்து நாள்தான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை. அந்தத் தாய் சொன்னது இதுதான்: "நானா, இன்னொன்னு வாங்கிக் கொடுங்கன்னு கேக்க வரல. இதையே சரிபண்ண முடியுமான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

இரண்டு சர்வீஸ் கடைகளுக்கு எடுத்துப் போனோம். இரண்டிலும் ஒரே பதில். போர்டு போய்விட்டது. புதுப் போர்டு போட்டால் லேப்டாப் வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆகும். "உள்ளே இருக்கிற புராஜெக்டையாவது எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டோம். "சேமிப்பும் போர்டுலயேதான் இருக்கு பாய். தனியா ஹார்ட் டிஸ்க்கோ எஸ்எஸ்டியோ இருந்தா அஞ்சு நிமிஷத்துல கழட்டி வேற மெஷின்ல போட்டு எடுத்துக் கொடுத்திருப்பேன்" என்றார் கடைக்காரர். வெறுங்கையோடு திரும்பினோம்.

பிறகுதான் பதிவேட்டை எடுத்து 14 பேரையும் விசாரித்தோம். ஆறு லேப்டாப்கள் மட்டுமே உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தன. மூன்று முழுதாகச் செத்துவிட்டன. மற்றவற்றில் சிலவற்றுக்குப் பேட்டரி போய்விட்டது. சிலவற்றில் விண்டோஸ் அப்டேட் இறங்கவே இடமில்லை. கூடுதலாகக் கொடுத்தோமே என்று நாங்கள் மகிழ்ந்த அந்த நான்கைவிட, வீணாய்ப் போனது அதிகம்.

அருமைச் சகோதரர்களே! பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய லேப்டாப்பை நினைத்துப் பாருங்கள். அடியில் ஒரு கொக்கியைத் தள்ளினால் பேட்டரி தனியே வந்துவிடும். சிறிய மூடியின் திருகைக் கழற்றினால் ராமும் ஹார்ட் டிஸ்க்கும் தெரியும். 2012-ல் ஆப்பிள் நிறுவனம் ரெட்டினா திரையுள்ள மேக்புக் ப்ரோவை வெளியிட்டபோது ராமைப் போர்டில் பற்றவைத்து, பேட்டரியைப் பசைபோட்டு ஒட்டியிருந்தது. பழுதுபார்க்கும் வசதிக்கு மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் என்ற அமெரிக்க நிறுவனம் அதற்குப் பத்துக்கு ஒன்றுதான் கொடுத்தது. ஆனால் மெல்லிய லேப்டாப்பை மக்கள் விரும்பி வாங்கினார்கள். மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன.

இதில் அவர்கள் தரப்பு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ஒருபக்கமாகப் பேசுவது நீதியல்ல. பற்றவைக்கும் ராமில் மின்சாரம் குறைவாகச் செலவாகும் ஒரு வகை உண்டு. அதனால் பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். அந்த வகை ராம் பிராசசருக்கு மிக அருகில் இருந்தால்தான் வேகம் சரியாக வரும். ஸ்லாட் இல்லாததால் லேப்டாப்பின் தடிமனும் குறைகிறது. பழுதுபார்ப்பதற்கு வசதியாக லேப்டாப் செய்வதையே கொள்கையாகக் கொண்ட ஃப்ரேம்வொர்க் என்ற அமெரிக்க நிறுவனம்கூட, 2025-ல் அறிவித்த தன் மேசைக் கணினியில் ராமைப் பற்றவைத்தே கொடுத்தது. அந்தப் பிராசசர் கேட்கும் வேகத்துக்குக் கழற்றும் ராம் ஒத்துவரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். குறைந்த மின்சாரத்தில் ஓடும் அதே வகை ராமைத் திருகு போட்டுக் கழற்றி மாட்டும் புதிய முறையும் வந்திருக்கிறது. 2024-ல் லெனோவோவின் ஒரு மாடலில் அது வந்தது. ஆனால் நாம் வாங்குகிற விலையில் அதை இன்னும் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே "கழற்ற முடியாதது எல்லாமே மோசம்" என்று சொல்ல வரவில்லை. எந்தக் குறையைத் தாங்கலாம், எதைத் தாங்க முடியாது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ராம் பற்றவைக்கப்பட்டிருந்தால் ஓரளவு தாங்கலாம். ராம் அடிக்கடி கெடும் பொருளல்ல. ஆனால் பிறகு கூட்டலாம் என்ற நினைப்பு கூடாது. வாங்கும்போதே 8 ஜிபிக்குக் குறையாமல், கம்ப்யூட்டர் படிப்புக்கு 16 ஜிபி உள்ளதாக வாங்கிவிட வேண்டும்.

பேட்டரியை மாற்ற முடியாவிட்டால் தாங்க முடியாது. ஏனென்றால் பேட்டரி தேயும் பொருள். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினாலே அதன் சக்தி குறைந்துவிடும். இங்கே ஒரு விளக்கம். பேட்டரி உள்ளே இருப்பதாலேயே மாற்ற முடியாது என்று பொருளல்ல. திருகு போட்டு மாட்டியிருந்தால் கடையில் எளிதாக மாற்றிவிடுவார்கள். பசைபோட்டு ஒட்டியிருந்தால்தான் சிரமம், ஆபத்தும்கூட.

சேமிப்பு போர்டில் பற்றவைக்கப்பட்டிருந்தால், மாணவருக்கு அந்த லேப்டாப் வேண்டவே வேண்டாம். அந்த மாணவிக்கு நேர்ந்ததுதான் மற்ற பிள்ளைகளுக்கும் நேரும்.

கீபோர்டையும் சார்ஜ் போடும் துளையையும் பார்க்க வேண்டும். சில மாடல்களில் கீபோர்டை மேல்மூடியோடு சேர்த்து அடித்திருப்பார்கள். ஒரு டம்ளர் தேநீர் கொட்டினால் மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டிவரும். சார்ஜர் துளை தனி வயரில் இருந்தால் சில்லறைச் செலவு. போர்டிலேயே இருந்தால் வேலையும் செலவும் கூடும்.

கண்ணியமானவர்களே! இது கடைக்காரர் பேச்சு, மார்க்கத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். நபி (ஸல்) அவர்கள் தங்கள் செருப்பைத் தாங்களே தைத்துக்கொள்வார்கள், கிழிந்த ஆடையைத் தாங்களே ஒட்டுப்போட்டுக்கொள்வார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். சரிசெய்து பயன்படுத்துவது வறுமையின் அடையாளம் என்று எண்ணி நம் பிள்ளைகள் வெட்கப்படக் கூடாது. மேலே காய்ந்த தானியத்தை வைத்து, ஈரத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த ஹதீஸ் நம் எல்லோருக்கும் தெரியும். நம் மஹல்லாவில் மொபைல், லேப்டாப் கடை வைத்திருக்கும் சகோதரர்களிடம் அன்போடு கேட்டுக்கொள்கிறோம். "இதில் ராம் கூட்ட முடியாது, பேட்டரி ஒட்டியிருக்கிறது" என்பதை வாங்குபவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த வியாபாரத்தில் பரக்கத் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. வக்ஃபு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அதன் பராமரிப்புக்கே என்று ஃபிக்ஹு நூல்களில் இருக்கிறது. கட்டடம் நின்றால்தானே பயன் தொடரும்? மத்ரஸாவில் ஓதிய காலத்தில் இதைப் படித்தவர்கள்தான் நாங்கள். ஆனால் லேப்டாப் வாங்கும்போது இந்தச் சட்டம் நினைவுக்கு வரவில்லை. வாங்குவதற்கு மட்டும் பணம் ஒதுக்கினோம். பழுதுக்கு ஒரு ரூபாய்கூட ஒதுக்கவில்லை.

சரி, வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? கடையில் காட்டும் லேப்டாப்பில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியை அழுத்துங்கள். எத்தனை ஸ்லாட் பயன்பாட்டில் இருக்கிறது என்று அங்கே இருக்கும். பக்கத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று காட்டினால் அது பெரும்பாலும் போர்டிலேயே பற்றவைத்த ராம். இரண்டாவதாக, முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் சர்வீஸ் மேனுவல் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியையும் எஸ்எஸ்டியையும் கழற்றும் முறை அதில் படத்தோடு இருக்கும். மூன்றாவதாக, உதிரிப் பாகம் நம் ஊரிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கிடைக்குமா என்று ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

புதிதுதான் வேண்டும் என்பதும் இல்லை. அலுவலகங்களில் ஓடிக் கழித்த லேப்டாப்கள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. லெனோவோ திங்க்பேட் டி480 என்ற 2018-ஆம் ஆண்டு மாடலில் இரண்டு ராம் ஸ்லாட்கள் உண்டு. அதன் பேட்டரிகளில் ஒன்றை வெளியிலிருந்தே கழற்றலாம். ஆனால் அடுத்து வந்த டி490-ல் ஒரு பகுதி ராம் பற்றவைக்கப்பட்டு, ஒரே ஸ்லாட்தான் இருக்கிறது. ஒரே பெயர் வரிசையில்கூட இப்படி மாறும் என்பதால் மாடல் எண்ணைக் கவனமாகப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஓட, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். அதைவிடப் பழையதை மலிவாகக் கொடுத்தால் யோசியுங்கள். பழைய லேப்டாப் கொஞ்சம் கனமாக இருக்கும், பேட்டரி உடனே மாற்ற வேண்டியிருக்கும். இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அரைக் கிலோகூடப் பாரம்தான். அதையும் பிள்ளையிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

பிரான்ஸில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும்போது, அதை எவ்வளவு எளிதாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு மதிப்பெண் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கச் சாதனங்களின் பேட்டரியை வாங்கியவரே மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்து, நிறுவனங்களின் சர்வீஸ் விவரங்களுக்காக ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. வாரண்டி இருந்தும் இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இறுதியாக, நிர்வாகக் குழு கூடி எடுத்த முடிவுகளைச் சொல்லிவிடுகிறோம். இனி அறக்கட்டளை வாங்கும் லேப்டாப்பில் பேட்டரியும் எஸ்எஸ்டியும் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும். வாங்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கு பழுது நிதியாகத் தனியே வைக்கப்படும். இதனால் இந்த ஆண்டு 14 பேருக்குப் பதில் 11 பேருக்கே கொடுக்க முடிகிறது. பெயர் வராத பிள்ளைகளின் பெற்றோர் எங்கள் மீது வருத்தப்படுவீர்கள். அந்த வருத்தம் நியாயமானது. அடுத்த ஆண்டு முதல் பெயர் அவர்களுடையதாகவே இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

வீட்டில் ஓடாமல் கிடக்கும் லேப்டாப்களை அலுவலகத்தில் ஒப்படையுங்கள். சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்து கொடுப்போம். முடியாததை உரிய மின்கழிவு நிறுவனத்துக்கு அனுப்புவோம். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடாதீர்கள், குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். அது தீப்பிடிக்கும்.

மாணவச் செல்வங்களே! எந்த லேப்டாப்பாக இருந்தாலும் வாரம் ஒருமுறை உங்கள் பாடத்தையும் புராஜெக்டையும் வேறோர் இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். அந்த மாணவி தன் ஆசிரியருக்கு முன்பே மின்னஞ்சலில் அனுப்பிவைத்த பாதி புராஜெக்ட்தான் கடைசியில் கைகொடுத்தது. மீதியை இந்த அலுவலகக் கணினியில், தாயார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, இரவு இஷா தொழுகைக்குப் பிறகும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தாள். தேர்ச்சியும் பெற்றாள், அல்ஹம்துலில்லாஹ். அவளுக்கு அந்தச் சிரமத்தைக் கொடுத்தது எங்கள் கவனக்குறைவு. அதற்காக அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். பணம் கொடுத்த உங்களிடமும் இந்தச் சபையில் கேட்கிறோம்.

நம் பொருளிலும் கல்வியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. அமானத்தை உரிய முறையில் நிறைவேற்றும் தவ்ஃபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.