நிழல் திரும்பும் நாடு

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில், கற்பிட்டிக்கு வடக்கே, வில்பத்துக் காடு கடலைத் தொடுமிடத்தில் அமைந்துள்ளது குதிரைமலை முனை. செம்மண் மேடும் அலையோசையுமே இன்று அங்கு மிகுதி. ஆயினும், வானத்தைப் பற்றிய மிகப் பழைய வியப்பொன்று அம்முனையோடு தொடர்புடையது.

உரோமாபுரியைக் கிளோடியசு மன்னன் ஆண்ட காலம் அது; அதாவது கி. பி. 41க்கும் 54க்கும் இடைப்பட்ட காலம். செங்கடற் பகுதியில் வரி தண்டும் குத்தகை பெற்றிருந்த அன்னியசு புளோகாமசு என்பவரிடம் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவர், அரேபியக் கரையோரமாகக் கப்பலிற் சென்றார். வடகாற்று அக்கப்பலை அடித்துச் சென்றது. பதினைந்தாம் நாள் அவர் இலங்கையின் இப்பூரோசு என்னுந் துறையை அடைந்தார். கிரேக்க மொழியில் இப்பொசு என்றாற் குதிரை. ஆகவே, அத்துறை குதிரைமலையே என்பது அறிஞர் பலர் கருத்து. இலங்கை மன்னன் அவரை ஆறு திங்கள் பேணி, பின்னர் உரோமாபுரிக்குத் தூதர் நால்வரை அனுப்பினான். பிளினி என்னும் உரோம அறிஞர் இச்செய்தியைக் கி. பி. 77 அளவில் தமது இயற்கை வரலாற்று நூலில் எழுதி வைத்தார்.

பெருநகரைக் கண்ட அத்தூதரை மிகவும் வியக்க வைத்தது யாது? மாடமும் அன்று, மாளிகையும் அன்று, தங்கள் நிழலே! அங்கே நிழல் வடபுறம் விழுந்தது. ஞாயிறு இடப்பக்கம் உதித்து வலப்பக்கம் மறைந்தது. தம் நாட்டு வழக்கிற்கு இது மாறானது என்றனர் அவர்.

இது மெய்தானா? ஒரு மீற்றர் உயரமான கோலொன்றைப் புத்தளத்து மண்ணிற் செங்குத்தாக நாட்டும் எந்தச் சிறுவனும் சிறுமியும் விடை காணலாம். ஏப்பிரில் 10ஆம் நாளையொட்டி, பகல் 12 மணி கடந்து ஏறக்குறைய 12 நிமிடத்தில், அக்கோலின் நிழல் அடியிலேயே ஒடுங்கிவிடும். ஞாயிறு நேர் உச்சியில் நிற்கின்றது. அதன்பின் நண்பகல் நிழல் தெற்கே திரும்பும். யூன் 21இல் அது 28 சென்ரிமீற்றர் அளவு நீளும். செப்டெம்பர் தொடக்கத்தில் மீண்டும் மறையும். பின்னர் வடக்கே வளர்ந்து, திசெம்பர் 22இல் 61 சென்ரிமீற்றர் அளவாகும். உரோமாபுரியிலோ நண்பகல் நிழல் ஆண்டு முழுவதும் வடக்கேதான் விழும்.

பூமியின் அச்சுச் சாய்ந்திருப்பதே இதற்குக் காரணம். அதனால் ஞாயிறு கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையே வடக்கும் தெற்குமாகச் செல்வதுபோலத் தோன்றுகின்றது. புத்தளம் அவ்விரு கோடுகளுக்கும் உள்ளே இருக்கின்றது. உரோமாபுரி வெளியே இருக்கின்றது.

நிழலைத் திருப்பும் அப்பயணமே காற்றையுந் திருப்புகின்றது. ஞாயிறு வடக்கே செல்லுங்கால் இந்தியப் பெருநிலம் கடலினும் மிகுதியாகச் சூடேறுகின்றது. சூடான காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று ஓடி வருகின்றது. தென்மேற்கிலிருந்து வீசும் அக்காற்றே சோளகம். ஞாயிறு தெற்கே சென்றபின் நிலம் குளிர, காற்றுந் திரும்பி வடகிழக்கு வாடையாகின்றது.

சோளகம் மலைநாட்டில் மழையைப் பொழிகின்றது. புத்தளத்திலோ அதனைத் தடுத்து மேலெழுப்ப மலையில்லை. ஆதலின் மழை அரிது, காற்றோ பலம். அக்காற்றும் வெயிலுஞ் சேர்ந்து உப்பளத்துப் பாத்திகளில் நீரை வற்றச் செய்கின்றன. உப்பு விளைகின்றது. அவ்வேளையில் எதிர்பாராத மழை பெய்தால், பல வார உழைப்பு ஒரே இரவிற் கரைந்து போகும். அதே சோளகம் மேற்குக் கடலைக் கொந்தளிக்கச் செய்ய, இக்கரை மீனவருள் ஒரு சாரார் கிழக்குக் கரைக்குத் தொழில் தேடிச் செல்கின்றனர். வானத்தை அறிவது இங்கே பொழுதுபோக்கன்று. அது உணவோடும் உயிரோடும் ஒட்டியது.

ஆதலின், வானத்தைப் பற்றிக் கேட்டவற்றையெல்லாம் அப்படியே நம்புதலும் தகாது. நிழலைப் பற்றி மெய் கூறிய அதே பிளினி, இலங்கையில் எட்டாம் நாள் முதற் பதினாறாம் நாள் வரையே நிலவு தோன்றும் என்றும் எழுதியுள்ளார். தூதர் மொழி திரிந்ததோ, கேட்டவர் செவி பிழைத்ததோ! புத்தளத்துச் சிறுவர் இதனைக் கேட்டாற் சிரிப்பர். நோன்பு தொடங்கும் காலத்தில் மேற்கு வானிலே மெல்லிய தலைப்பிறையை அவர்கள் ஆண்டுதோறுந் தேடிக் காண்கின்றனர் அன்றோ?

பேரறிஞர் ஏட்டிலும் மெய்யும் பொய்யும் அருகருகே இருத்தல் கூடும். அவற்றைப் பிரித்தறியப் பெரிய கருவி வேண்டியதில்லை. ஒரு கோலும், கண்ணும், நாள்தோறும் குறித்து வைக்கும் பொறுமையும் போதும். வானிலை நிலையங்களில் மழையையும் காற்றையும் அளந்து எழுதுவோர் செய்வதும் அதுவே. பள்ளி முற்றத்தில் ஒரு கோலை நாட்டி, நண்பகல் நிழலின் நீளத்தைத் தேதியோடு குறிக்கும் பிள்ளை, அவர்களின் வரிசையிலே சேர்ந்துவிடுகின்றது.