மனக்கண்ணில் ஒரு வீடு

கிள்ளானிலிருந்து பந்திங் போகும் சாலையில் இருக்கிறது ஜெஞ்சாரோம். அந்த வட்டாரத் தோட்டங்களில் வாழும் ஒரு குடும்பத்திடம் "உங்கள் ஆசை என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "சொந்தமாக ஒரு வீடு" என்றுதான் பதில் வரும். அதில் வியப்பில்லை. குடியிருக்கும் வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தாலோ, தோட்டம் கைமாறினாலோ, தட்டுமுட்டுச் சாமான்களுடன் வெளியேற வேண்டியதுதான்.

விரும்பியதை மனக்கண்ணில் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கைகூடும் என்று சிலர் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மற்றப் பாதி ஆளைக் கெடுத்துவிடும்.

அமெரிக்காவில், கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில், பரீட்சைக்கு முந்திய நாட்களில் மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். அதன் முடிவு 1999-இல் வெளிவந்தது. ஒரு சாரார் நல்ல மதிப்பெண் வாங்கி மகிழ்வதைத் தினமும் சில நிமிடங்கள் மனத்தில் கண்டார்கள். மற்றொரு சாரார், எங்கே உட்கார்ந்து, எப்படிப் படிக்கப் போகிறோம் என்பதைக் கண்டார்கள். யார் அதிக நேரம் படித்தார்கள்? படிப்பதைக் கண்டவர்கள்தான். மதிப்பெண்ணும் அவர்களுக்கே கூடுதல். வெற்றியை மட்டும் கண்டவர்களோ, கல்யாண விருந்தை நினைத்தே பசியாறியவர்களைப் போல, படிப்பைக் குறைத்துக்கொண்டார்கள்.

இதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதும் இல்லை. 1950-களில் வெள்ளைக்காரத் துரைமார்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவனே தோட்டத்துக்கு முதலாளி! அன்றைக்கு அது சிரிக்கத்தக்க கனவு. ஆனால் அவர் கனவை மட்டும் காட்டவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய், சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகக் கட்டிப் பங்கு வாங்கும் வழியையும் காட்டினார். அந்தப் பணத்தைக் கொண்டு 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

ஆகவே, வீட்டின் வாசற்படியையும் சன்னலையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். அது போதும். பிறகு சம்பள நாளைப் பாருங்கள். பணம் கைக்கு வருகிறது. கடைப் பாக்கிக்கு முன்னால் எவ்வளவு எடுத்து வைக்கிறீர்கள்? யார் கையில் கொடுக்கிறீர்கள்? (வீட்டுக்கார அம்மாவின் கை என்றால் பணம் பத்திரம் என்பது என் கருத்து.) வீடு வாங்க ஊழியர் சேமநிதியில் ஒரு பகுதியை எடுக்கலாம். அதை விசாரிக்க என்றைக்கு, யாருடன், எந்தப் பஸ்ஸில் போகிறீர்கள்? அதையும் பாருங்கள்.

இடைஞ்சலையும் விட்டுவிடாதீர்கள். செம்பனைக் குலை குறைகிற மாதம் சம்பளமும் குறையும். பள்ளி திறக்கிற நேரம் சீருடை, காலணி என்று செலவு வரும். ஒரு சொந்தக்காரர் கடன் கேட்டு வந்து நிற்பார். அப்போது என்ன சொல்லப் போகிறீர்கள்? அந்த வார்த்தையை இன்றைக்கே, கணவன் மனைவி இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள்.