மார்க்கைப் பார்க்காமலே ரத்து செய்யலாமா?

(தாம்பரத்தில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் மேற்படிப்புக்காக ஜி.ஆர்.இ. எழுதப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்ல ஆசைப்படுகிறேன்.

நம்ம பிளஸ் டூ பரீட்சையில் வராத கேள்வி ஒன்று அங்கே வரும். தேர்வு முடிந்ததும், மார்க் தெரிவதற்கு முன்பே, "ஏற்கிறீர்களா, ரத்து செய்கிறீர்களா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். ரத்து என்றால் முழுத் தேர்வும் ரத்து. கணிதத்தை மட்டும் தள்ளிவிட முடியாது. எவ்வளவு வாங்கினோம் என்பது நமக்கே தெரியாது.

"பயமா இருந்தா கேன்சல் பண்ணிடு" என்று சீனியர்கள் சொல்வதுண்டு. ஒரு காலத்தில் அது நியாயமான யோசனைதான். 2012 ஜூலைக்கு முன்பு, ஐந்தாண்டுகளுக்குள் எழுதிய எல்லா மதிப்பெண்களும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடும். பிறகு விதி மாறியது. எந்தத் தேர்வின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை இப்போது நீங்களே தீர்மானிக்கலாம். நீங்கள் அனுப்பாததை அவர்கள் பார்ப்பதில்லை. அப்புறம் எதற்கு ரத்து?

பயம் வருவதற்கும் ஒரு காரணம் உண்டு. கணிதம், ஆங்கிலம் இரண்டிலும் இரண்டிரண்டு பகுதிகள். முதல் பகுதியை நன்றாகச் செய்தால், இரண்டாவது பகுதி கடினமாக வரும். நன்றாக எழுதிய பிள்ளைதான், "ஐயோ, போச்சே!" என்று நினைக்கும். களைத்துப்போன அந்த நிமிடத்தில் நம் பரீட்சைக்கு நாமே நீதிபதியாக இருக்க வேண்டாம்.

ரத்து செய்தாலும் மறுபடி எழுத 21 நாள் காத்திருக்க வேண்டும். 12 மாதத்தில் ஐந்து முறைதான் எழுதலாம். ரத்தானதும் அந்தக் கணக்கில் சேரும். வீட்டில் நகையை வைத்துக் கட்டிய பணமும் திரும்பாது. ஏற்கெனவே அவசரப்பட்டு ரத்து செய்தவர்கள் மனம் தளர வேண்டாம். 60 நாளுக்குள் கட்டணம் கட்டினால் மதிப்பெண்ணைத் திரும்பப் பெறலாம்.

மார்க்கைப் பாருங்கள். நன்றாக இருந்தால் அனுப்புங்கள். குறைந்தால் அன்று யாருக்கும் அனுப்பாமல், மீண்டும் எழுதுங்கள், அல்லது ஜி.ஆர்.இ. கேட்காத துறைகளுக்கு விண்ணப்பியுங்கள். இன்று அப்படிப்பட்ட துறைகள் ஏராளம். தெரிந்த மார்க்கை வைத்து வழி தேடலாம். தெரியாத மார்க்கை வைத்து என்ன செய்ய முடியும்?

சீனியர் நண்பர்களே, நாம் சொல்லும் யோசனையையும் இனி மாற்றிக்கொள்வோம்.