வார்டுக்குள் வந்த பரிமளதைலம்

(மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த ஆதரவாளர் ஸ்தோத்திரக் கூடுகையில் சாப்ளின் ஐயரவர்கள் கொடுத்த செய்தி)

மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலுமிருந்து இந்த நெரிசலிலும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் காணிக்கைகளுக்காகவும், அவற்றைவிட அதிகமாக உங்கள் ஜெபங்களுக்காகவும் கர்த்தரைத் துதிக்கிறோம்.

வழக்கமாக இந்தக் கூடுகையில் கட்டடத்தைப் பற்றியோ கருவிகளைப் பற்றியோ பேசுவோம். இவ்வாண்டு வாசனையைப் பற்றிப் பேச விரும்புகிறோம். கடந்த டிசம்பரில் வெளிநாட்டில் வாழும் ஒரு அன்பர், நோயாளிகளுக்குக் கிறிஸ்மஸ் பரிசாக 40 சிறு புட்டிகளை அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றிலும் 10 மில்லி வாசனை எண்ணெய். அதன் பெயர் 'விண்டர் எவர்கிரீன் அண்ட் ஹாலி பெரி'. அதாவது குளிர்காலத்திலும் இலையுதிராத மரங்களின் மணமும், ஹாலிச் செடியின் சிவந்த பழத்தின் மணமும் சேர்ந்தது என்று பொருள். அன்போடு அனுப்பப்பட்டது, அழகாகக் கட்டப்பட்டது. ஆனால் அதை என்ன செய்வது என்பதில் எங்களுக்குள்ளே ஒரு வாரம் விவாதம் நடந்தது.

முதலில் அந்த மணத்தைப் பற்றிக் கொஞ்சம். ஹாலி நம்முடைய சமவெளியில் வளர்வதில்லை. நீலகிரிச் சோலைகளில் அதன் உறவுச் செடிகள் உண்டு. ஐரோப்பாவில் பனி மூடிய காலத்திலும் அது பச்சையாக நின்று சிவப்பாகக் காய்ப்பதால் கிறிஸ்மஸோடு சேர்ந்துவிட்டது. முள்ளுள்ள இலையை முள்முடியாகவும் பழத்தை இரத்தத்துளியாகவும் அங்குள்ள விசுவாசிகள் கண்டார்கள். டென்மார்க்கிலும் நார்வேயிலும் அந்தச் செடிக்கு 'கிறிஸ்துவின் முள்' என்றே பேர். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழத்துக்கு வாசனை என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை. சாப்பிட்டால் வாந்தி எடுக்கும். ஆகவே புட்டியில் இருப்பது வாசனை செய்கிறவரின் கற்பனை. எவர்கிரீன் என்ற பாதியாவது உண்மை. பைன், ஃபர் மரங்களின் மணம் அது. நாமோ சவுக்குக் கிளையை வெட்டி, பஞ்சை ஒட்டி, கிறிஸ்மஸ் மரம் என்று நிறுத்தி வளர்ந்தவர்கள்! சவுக்கில் பைன் மணம் வராது என்று எந்தப் பிள்ளையும் குறைப்பட்டதாக எங்களுக்கு நினைவில்லை.

நம்மூருக்கும் மார்கழி வாசனை இல்லாமலில்லை. கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் நடந்தால் மரிக்கொழுந்து, திருவல்லிக்கேணியில் அத்தர், வீட்டிலே சந்தனம், ஜவ்வாது. தலைவலி வந்தால் அமிர்தாஞ்சனம். 1893-ல் பம்பாயில் தொடங்கி 1914-ல் சென்னைக்கு வந்த அந்தக் கம்பெனி நம்முடைய லஸ் சர்ச் ரோட்டுக்கு ஒரு அடையாளமாகவே ஆகிவிட்டது. எண்ணெயில் செய்த வாசனைக்கும் ஸ்பிரிட்டில் செய்த சென்ட்டுக்கும் வித்தியாசம் உண்டு. சென்ட் சீக்கிரம் பறந்துவிடும். எண்ணெய் தோலில் தங்கி, உடம்புச் சூட்டில் மெல்ல மெல்ல எழும்பும். பனி நாட்டில் கம்பளிக்குள்ளே அடங்கி மணப்பது, நம்முடைய டிசம்பர்ப் புழுக்கத்தில் அறை முழுவதும் பரவும். ஆண்கள் வார்டிலே 16 கட்டில்கள் இருந்தால், ஒருவர் பூசினால் 16 பேரும் பூசியதுபோலத்தான்.

இதில் ஒரு சிறு சம்பவமும் உண்டு. புட்டியின் மேலிருந்த 'விண்டர் எவர்கிரீன்' என்பதை யாரோ வாசித்துக் காட்ட, ஒரு பாட்டியம்மா அதை 'விண்டர்கிரீன்' தைலம் என்று எண்ணி முழங்காலில் தேய்த்துக்கொண்டார்கள். விண்டர்கிரீன் என்பது வேறு. ஊட்டிக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்தோடு விற்கிற வலித்தைலம் அது. மீதைல் சாலிசிலேட் நிறைந்தது, ஆஸ்பிரினுக்கு உறவு. ஆகவே உங்கள் வீட்டில் அது இருந்தால் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்து. பாட்டியம்மாவுக்கு ஒரு தீங்கும் வரவில்லை. மறுநாள் காலையில், "வலி போகலை ஐயா, ஆனா முட்டி ரொம்ப மணக்குது" என்றார்கள்.

பிரியமானவர்களே, விவாதத்துக்கு வருகிறோம். வார்டு சிஸ்டர் திட்டமாகச் சொன்னார்கள், உள்ளே வரக்கூடாது என்று. அவர்கள் சொன்ன காரணங்களை நீங்களும் அறிந்திருப்பது நல்லது. கீமோதெரபி ஏற்றிக்கொள்ளும் பலருக்கு வாசனையே குமட்டலை எழுப்பும். காபி மணமும் தாளிக்கிற மணமும்கூடத் தாங்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சு இறுகலாம். இன்னொன்று: குமட்டல் நாட்களில் ஒரு மணத்தை முகர்ந்தவருக்கு, குணமான பிறகும் அந்த மணம் வந்தாலே வயிறு புரட்டும். கிறிஸ்மஸ் மணம் ஒருவருக்கு வாழ்நாள் முழுவதும் வாந்தியின் மணமாகிவிட நாம் காரணமாகலாமா?

மறுபக்கத்தில் வேறு சிலர் பெத்தானியாவை நினைப்பூட்டினார்கள். மரியாள் ஒரு இராத்தல் நளததைலத்தைக் கொண்டுவந்து இயேசுவின் பாதங்களில் பூசினாள், வீடு முழுவதும் பரிமளத்தால் நிறைந்தது என்று யோவான் 12-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இதை விற்றால் 300 பணம் கிடைத்திருக்குமே, தரித்திரருக்குக் கொடுத்திருக்கலாமே என்று யூதாஸ் கேட்டான். ஒரு கூலியாளுக்கு நாளொன்றுக்கு ஒரு பணம் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. அப்படியானால் கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம்.

நளதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம்முடைய இமயமலையிலிருந்து. ஏறக்குறைய 3,000 மீட்டருக்கு மேலே வளரும் ஒரு சிறு செடியின் வேர் அது. நம்முடைய நாட்டு மருந்துக் கடைகளில் சடாமாஞ்சில் என்று கேட்டால் கொடுப்பார்கள். கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடையை அறியாதவர்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். ஆண்டவருடைய பாதத்தில் ஊற்றப்பட்டது நம்முடைய மலையின் வேர்ச்சாறு என்று நினைக்கும்போது எங்களுக்கு ஒவ்வொரு முறையும் மெய்சிலிர்க்கும். இப்போது அந்தச் செடியே அதிகமாகத் தோண்டப்பட்டு, அழிந்துபோகும் நிலையில் இருக்கிறது என்பது வேறு துக்கம்.

ஆனால் அந்த வேதபகுதியை எங்கள் வார்டுக்குக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மரியாள் தன்மேல் பூசிக்கொள்ளவில்லை. அடக்கத்தின் நாளை எதிர்நோக்கியிருந்த ஒருவருடைய சரீரத்தைக் கனம்பண்ணினாள். எங்கள் வார்டிலும் அப்படிப்பட்ட சரீரங்கள் உண்டு. 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையத்தைத் திறந்த காலத்திலிருந்து எத்தனையோ முன்னேற்றங்கள் வந்திருக்கின்றன. என்றாலும் மிகவும் தாமதமாக வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மார்பிலோ கன்னத்திலோ புண் உடைந்து, அதில் நாற்றம் வந்த பிறகே வருகிறார்கள். வலியைவிட அந்த நாற்றமே அவர்களைக் கொல்லுகிறது என்றால் மிகையல்ல. ஏனெனில் முதலில் பேரப்பிள்ளைகள் விலகுவார்கள், பிறகு அக்கம்பக்கத்தார், கடைசியில் வீட்டார்.

செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள், வயது ஐம்பதுக்குமேல். மார்பிலே புண். கணவர் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருப்பார், கட்டிலருகே வரமாட்டார். அவரைக் கடிந்துகொள்ள எங்களுக்கு மனமில்லை, அந்த மணத்தில் நாங்களே ஜெபத்தைச் சுருக்க விரும்பிய நாட்கள் உண்டு. இப்படிப்பட்ட புண்ணுக்கு வாசனை எண்ணெய் உதவாது. நாற்றத்தோடு பரிமளம் சேர்ந்தால் இரண்டும் கூடி இன்னும் மோசமாகும். உதவுவது வேறு: உப்புநீரில் கழுவுவது, மெட்ரோனிடசோல் மருந்தைப் புண்ணின்மேல் இடுவது, கரி அடங்கிய கட்டு, அடிக்கடி மாற்றுகிற பொறுமை. எங்கள் தாதிமார் அதைச் செய்தார்கள். ஐந்தாம் நாள் மருமகள் கட்டிலருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எட்டாம் நாள் கணவர் வந்தார்.

அதன் பிறகுதான் அந்த அம்மா எங்களிடம், "ஐயா, அந்தப் பச்சை புட்டியில ஒரு சொட்டு எனக்குத் தருவீங்களா?" என்று கேட்டார்கள். தனியறையில் இருந்ததால் சிஸ்டர் அனுமதித்தார்கள், தோலில் அல்ல, கைக்குட்டையில் ஒரே சொட்டு, வேண்டாமென்றால் உடனே வெளியே கொண்டுபோய்விடலாம் என்ற ஏற்பாட்டோடு. அம்மா முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். எங்களுக்குத் தோன்றியது பெத்லகேம். அவர்களுக்கோ கொடைக்கானல்! கல்யாணமான புதிதில் புருஷனும் பெண்சாதியுமாக அங்கே காரட் தோட்டத்துக்குக் கூலிவேலைக்குப் போனார்களாம். "இது பைன் காட்டு வாசனைங்க. அந்தக் குளிருக்கு இவர் கம்பளி வாங்கிக் கொடுத்தார்" என்றார்கள். தாழ்வாரத்துக்கே உரியவராயிருந்த அந்த மனுஷன் கம்பளியின் விலையைச் சொன்னார், அம்மா இல்லை என்றார்கள், அன்று சாயங்காலம் முழுவதும் அதே வழக்குதான். பிப்ரவரியில் அம்மா காலமானார்கள். அதுவரை கணவர் கட்டிலருகேயே படுத்தார்.

மீதிப் புட்டிகளை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். வியாதியஸ்தரை அபிஷேகிக்க அதைப் பயன்படுத்தலாமே என்று ஒருவர் சொன்னார். வேண்டாமென்றோம். வாசனை சேராத ஒலிவ எண்ணெய்தான் எங்கள் வழக்கம், காரணம் சிஸ்டர் சொன்னதேதான். கொரோனாக் காலத்தில் மோப்பம் இழந்து இன்னும் முழுவதும் திரும்பப் பெறாத எங்கள் ஊழியர் ஒருவர் ஒரு புட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் தினமும் முகர்ந்து பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார்களாம், ஐந்தாவதாக இது இருக்கட்டும் என்றார். தாதிமார் சிலர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அனுப்பிய அன்பருக்கு நடந்ததெல்லாம் எழுதினோம். அவர் மனம் கோணாமல், இந்த ஆண்டு புட்டிகளுக்குப் பதிலாகக் கட்டுத்துணிக்கும் மருந்துக்கும் பணம் அனுப்பியிருக்கிறார். அந்தக் கணக்கை 'புண் பராமரிப்பு நிதி' என்று தனியாக வைத்திருக்கிறோம். அதில் சேர விரும்புகிறவர்கள் அப்படியே குறிப்பிட்டு அனுப்பலாம்.

டிசம்பர் 24-ஆம் தேதி மாலை 6 மணிக்கு வார்டுகளில் கீதப்பவனி. பாடவரும் வாலிபர்களும் சகோதரிகளும் தயவுசெய்து அன்றைக்குச் சென்ட், அத்தர், மல்லிகைச்சரம் எதுவுமில்லாமல் வாருங்கள். பூவை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வோம், திரும்பும்போது தருவோம். சவுக்குக் கிளை மட்டும் வழக்கம்போல் ஆண்கள் வார்டு மூலையில் நிற்கும்.